பக்டீரியாக் குமிழியும் எமது வர்த்தகர்களும்

ஒருகொடவத்தைச் சந்தியால் பகல் வேளையில் போய் வருபவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. கொள்கலன் லொறிகள் வரிசையாக நிற்கும். வெயிலில் இரும்புப் பெட்டிகள் கொதிக்கும். சரக்குக்குச் சொந்தக்காரர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி கிளியரிங் ஏஜன்டுடன் பேசிக்கொண்டிருப்பார். அவரது மனதில் ஓடுவது டெமரேஜ் கணக்கு. உள்ளே இருப்பது பேரீச்சம்பழமாக இருக்கலாம், பீங்கானாக இருக்கலாம், பஞ்சிகாவத்தைக்குப் போகும் உதிரிப்பாகமாக இருக்கலாம். இரண்டு நாள் தாமதித்தால் காசு போகும். பொருள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஆனால் தாமதித்தால் காசும் போய், பொருளும் போய், பொருள் போனது கண்ணுக்கே தெரியாத சரக்குகளும் இருக்கின்றன. தடுப்பூசி அப்படியான ஒன்று. அது பெரும்பாலும் கட்டுநாயக்க வழியாக விமானத்தில் வருகிறது. என்றாலும் இறக்குமதி வியாபாரத்தில் காலங்காலமாக இருந்து வரும் எமது சமூகம், இந்த இரண்டாவது வகைச் சரக்கைப் பற்றி இப்போதே அறிந்து கொள்ள வேண்டும் என்பது எனது தாழ்மையான கருத்து. அதற்கு உதாரணமாக, பக்டீரியாவின் மேற்தோலிலிருந்து பிரியும் நுண்ணிய குமிழிகளை மருந்தாக்கும் தொழிலைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். "சீனி விலையும் டொலர் விலையும் எழுத வேண்டிய இடத்தில் கிருமிக்கு என்ன வேலை?" என்று வாசகர்கள் கேட்கலாம். கடைசி வரை வாசித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

ஹாஜிகள் போடும் ஊசி

எமது வீடுகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக் கொண்டே புறப்படுகிறார்கள். சவூதி அரேபியாவைச் சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் அதனைப் போட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டாயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மெனிஞ்சோகொக்கஸ் என்ற கிருமியின் ஏ வகை ஹாஜிகளிடையே பரவியது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் டபிள்யூ-135 என்ற வகை பரவி, ஊர் திரும்பியவர்களோடு பல நாடுகளுக்கும் போனது. அதன் பின்னரே ஏ, சீ, டபிள்யூ, வை ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரான ஊசி கட்டாயமாக்கப்பட்டது.

இந்த நான்கு வகை ஊசியும் கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைப் பொருளைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. ஐந்தாவதாக ஒரு வகை உண்டு. அது பீ வகை. பல நாடுகளில் குழந்தைகளையும் இளைஞர்களையும் பலியெடுத்த வகை அது. அதன் மேலுறைச் சர்க்கரையோ மனிதனின் நரம்புக் கலங்களில் உள்ள ஒரு பொருளைப் போலவே இருக்கிறது. அதனை ஊசியில் ஏற்றினால் உடம்பு "இது நம்ம ஆள்தானே" என்று சும்மா இருந்துவிடும். எதிர்த்துக் கிளம்பினாலும் சொந்த நரம்பையே தாக்குமோ என்ற அச்சம் இருந்தது. ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழி தேடினார்கள். அந்த வழிதான் குமிழி.

குமிழி என்பது என்ன?

பக்டீரியாக்களில் ஒரு பெரும் பிரிவுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு மென்சவ்வுகள் உண்டு. வெளி மென்சவ்வு ஆங்காங்கே புடைத்து, சிறு குமிழியாகப் பிரிந்து போகும். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் இவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை வரிசையாக அடுக்கலாம். அவ்வளவு சிறியது. குமிழிக்கு உயிரில்லை, அது பெருகாது. ஆனால் கிருமியின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் எல்லாம் அதே ஒழுங்கில் அதன் மீதும் இருக்கும். கள்ளன் கழற்றிப் போட்ட சட்டையைப் பொலிஸ் நாய்க்கு மோப்பம் காட்டுவதைப் போல, இந்தக் குமிழியை உடம்புக்குக் காட்டிவிட்டால், பிறகு உண்மையான கிருமி வரும்போது உடம்பு அதனை அடையாளம் கண்டுகொள்ளும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. குமிழியின் தோலில் நச்சுத்தன்மையுள்ள கொழுப்புப் பொருளொன்று இருக்கிறது. அளவு மிஞ்சினால் கடும் காய்ச்சல் வரும். பழைய முறையில் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளால் கழுவி அந்த நச்சைக் குறைத்தார்கள். புதிய முறையில் பக்டீரியாவின் பரம்பரையலகையே மாற்றுகிறார்கள். ஒரு மாற்றத்தால் அந்தக் கொழுப்பின் நச்சு குறைகிறது. இன்னொரு மாற்றத்தால் இரு மென்சவ்வுகளையும் இழுத்துப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்து, கிருமி வழமையை விடப் பல மடங்கு குமிழிகளை உதிர்க்கிறது. உற்பத்தி கூடினால் ஒரு டோஸின் அடக்க விலை குறையும் என்பதை வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

கண்டவர் ஒருவர், கட்டியெழுப்பியவர் இன்னொருவர்

இக்குமிழிகளின் வரலாறு எமக்குப் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. 1967ஆம் ஆண்டு கல்கத்தாவில் எஸ்.என். சட்டர்ஜி, ஜே. தாஸ் என்ற இரு விஞ்ஞானிகள் கொலராக் கிருமியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அது தன் சுவரிலிருந்து குமிழிகளை வெளித்தள்ளுவதை விபரித்து எழுதினார்கள். இத்துறையின் முன்னோடிக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதனை முதலில் பெரிய அளவில் ஊசியாக்கியது இந்தியா அல்ல. பணக்கார நாடுகளும் அல்ல. கியூபா.

1980களில் கியூபாவில் பீ வகை மூளைக்காய்ச்சல் தலைவிரித்தாடியது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த, எமது நாட்டை விடச் சனத்தொகை குறைந்த ஒரு தீவு அது. கொன்செப்சியோன் கம்பா என்ற பெண் விஞ்ஞானியின் தலைமையிலான குழு, அந்தக் குமிழிகளைக் கொண்டு ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அங்கு நடந்த பரிசோதனையில் அது 83 வீதம் பாதுகாப்பளித்ததாகக் கண்டார்கள். பின்னர் நாடு முழுவதும் அதனை ஏற்றினார்கள். 1999ஆம் ஆண்டு ஸ்மித்க்லைன் பீச்சம் என்ற பெரும் கம்பனி அந்தத் தொழில்நுட்பத்துக்காகக் கியூபாவுடன் ஒப்பந்தம் செய்தது. தடை விதித்திருந்த அமெரிக்காவே அதற்கு விசேட அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று.

நோர்வேயின் கதை வேறு. அங்கும் குமிழி ஊசி தயாரித்துப் பாடசாலை மாணவர்களிடம் பரிசோதித்தார்கள். கிடைத்த பாதுகாப்பு 57 வீதம். அது போதாது என்று நாடளாவிய திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் கற்ற வித்தையை வீசிவிடவில்லை. 1991 முதல் நியூசிலாந்தில் பீ வகை நோய் கொள்ளையாகப் பரவியபோது, மவோரி மக்களின் பிள்ளைகளும் பசுபிக் தீவு மக்களின் பிள்ளைகளும் அதிகம் பாதிக்கப்பட்டபோது, நோர்வேயின் அந்த வித்தைதான் கைகொடுத்தது. நியூசிலாந்தில் பரவிய கிருமியிலிருந்தே குமிழி எடுத்து, அளவெடுத்துத் தைத்த சட்டை போல் ஓர் ஊசி தயாரிக்கப்பட்டது. 2004 முதல் 20 வயதுக்குட்பட்ட பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது ஏற்றப்பட்டது.

பிற்பாடு இத்தாலியின் சியேனா நகர ஆய்வுகூடத்தில் ரினோ ரப்புவோலியின் குழுவினர் அதே நியூசிலாந்துக் குமிழியோடு மேலும் மூன்று புரதங்களைச் சேர்த்து, பல வகைக் கிருமிகளுக்கும் பொருந்தும் ஊசியொன்றை ஆக்கினார்கள். பெக்ஸ்செரோ என்ற பெயரில் 2013இல் ஐரோப்பாவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 2015இல் பிரித்தானியா அதனைத் தன் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. நியூசிலாந்தில் ஊசி போட்டவர்களிடையே கொனோரியா என்ற பால்வினை நோய் சுமார் 31 வீதம் குறைவாக இருந்ததாக 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவினர். எதிர்பாராத இந்த இலாபத்தை வைத்து 2025 ஓகஸ்டில் பிரித்தானியா தனியான ஒரு திட்டத்தையே ஆரம்பித்தது.

இப்போது வட்டம் மீண்டும் எமது பிராந்தியத்துக்கே வந்திருக்கிறது. இரத்தத்துடன் வயிற்றுளைச்சலை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமிக்குப் பரவலாகப் பயன்படும் தடுப்பூசி இதுவரை இல்லை. பரம்பரையலகு மாற்றிய ஷிகெல்லாக் குமிழிகளைக் கொண்டு கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் கம்பனி ஆக்கிய ஊசியை, அடுத்த கட்டப் பரிசோதனைக்கும் பெருமளவு உற்பத்திக்குமாக 2025இல் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் பொறுப்பேற்றது. அக்கம்பனியை 1996இல் நிறுவிய கிருஷ்ணா எல்லா, தமிழ்நாட்டின் திருத்தணிப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் கண்டது, கியூபா, நோர்வே, நியூசிலாந்து, இத்தாலி என்று சுற்றிவிட்டு, ஹைதராபாத்துக்கு ஒப்பந்தமாக வந்து சேர்ந்திருக்கிறது. புற்றுநோய் மருந்தைக் குமிழிக்குள் ஏற்றி அனுப்பும் முயற்சிகளும் ஆய்வுகூடங்களில் நடக்கின்றன. அவை மருந்தாக எமது கைக்கு வரக் காலம் எடுக்கும்.

"இதெல்லாம் பெரிய ஆட்களின் வேலை"

இப்படிச் சொல்லிக் கைகழுவிவிடுவது எமக்கு இலேசு. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் இன்று உலகிலேயே அதிகளவு டோஸ் தடுப்பூசி தயாரிக்கும் கம்பனி. அதனை 1966இல் ஆரம்பித்த சைரஸ் பூனாவாலாவின் குடும்பத் தொழில் பந்தயக் குதிரை வளர்ப்பு. அவர்களது பண்ணையில் வயது போன குதிரைகளை பம்பாயிலிருந்த அரச ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தார்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து அங்கே மருந்து தயாரித்தார்கள். "குதிரை எங்களுடையது, மருந்தை ஏன் நாமே தயாரிக்கக் கூடாது?" என்ற யோசனையிலிருந்து பிறந்ததே அந்தக் கம்பனி. வியாபாரியின் கண் என்பது இதுதான். தன் கையால் போகும் பொருள் அடுத்த கையில் என்னவாகிறது என்று பார்த்தார்.

எமது வர்த்தகர்களுக்கு இந்தக் கண் இல்லாமலில்லை. பழைய இரும்பிலும் பொலித்தீனிலும் மற்றவர் கழித்ததைக் காசாக்கியவர்கள் எம்மில் எத்தனை பேர்! கிருமி உதிர்த்த குமிழியின் பெறுமதியைப் புரிந்து கொள்வது அவர்களுக்குச் சிரமமாக இருக்காது. எம்மிடம் குறைவாக இருப்பது பொருளைப் பற்றிய அறிவு. கட்டலொக்கைப் பார்த்து ஓடர் கொடுக்கிறோம், பெட்டியை இறக்குகிறோம், இலாபம் வைத்து விற்கிறோம். பெட்டிக்குள் இருப்பது எப்படி உண்டானது, எதனால் கெடும் என்று கேட்பதில்லை. பீங்கானுக்கு இது போதும். மருந்துக்குப் போதாது.

2023இல் தரப் பரிசோதனையில் தோல்வியுற்ற இம்யுனோகுளோபியூலின் மருந்து விவகாரம் நாட்டையே உலுக்கி நீதிமன்றம் வரை போனது. அதற்கு முன் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டிருந்தது. சட்டமும் அதிகாரசபையும் இருந்தும் இப்படி நடந்தது என்றால், லேபளும் கடதாசியும் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது என்பது தெளிவு.

குளிர்ச் சங்கிலி

குமிழி ஊசியை 2 பாகை முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். குளிர் எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இந்த ஊசிகளில் அலுமினியச் சேர்வை ஒன்று கலந்திருக்கிறது. ஒரு முறை உறைந்தால் அது திரண்டு போகும், ஊசியின் பயன் போய்விடும். சில தடுப்பூசிக் குப்பிகளில் உள்ள சிறு சதுர அடையாளம் வெப்பம் பட்டால் கறுத்துக் காட்டிக் கொடுக்கும். உறைந்து போனதை அது காட்டாது.

2022 மார்ச் மாதத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மருந்துக் கடைக்காரர் அந்த நாட்களில் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காமல் அலைந்தார். ஒரு காலையில் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தபோது 20 பாகைக்கு மேல் காட்டியது. உள்ளே இன்சுலினும் சில தடுப்பூசிகளும். குப்பிகளைப் பார்த்தால் புதிதாகவே தெரிந்தன. திகதியும் இருந்தது. "யாருக்குத் தெரியப் போகிறது, விற்றுவிடுங்கள் நானா" என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னாராம். அவர் அத்தனையையும் அப்புறப்படுத்திவிட்டு, நட்டத்தைத் தன் கணக்கில் எழுதிக் கொண்டார். அன்றிரவு மனைவியின் நகையொன்று அடகுக்குப் போனது என்பதை வெகுநாள் கழித்தே என்னிடம் சொன்னார்.

ஒரு நல்ல மனிதரின் தக்வா அன்று பலரைக் காப்பாற்றியது. ஆனால் ஒரு நாட்டின் மருந்து விநியோகம் தனி மனிதரின் தக்வாவை மாத்திரம் நம்பியிருக்கக் கூடாது. அவர் நகையை அடகு வைக்க வேண்டிய நிலை வந்ததே எமது குறைபாடு. நாலைந்து கடைக்காரர்கள் கூட்டாக ஒரு குளிரறை, இரண்டு ஜெனரேட்டர், வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவி ஆகியவற்றை வைத்திருந்தால் அந்த நட்டம் வந்திராது. இதுவே நான் முன்வைக்கும் முதலாவது யோசனை. ஒருகொடவத்தை, கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டி பகுதிகள் துறைமுகத்துக்கும் நகருக்கும் எட்டிய தூரத்தில் இருப்பவை. களஞ்சியம் வைத்துப் பழகியவர்கள் இங்கே இருக்கிறார்கள். முஷாரகா அடிப்படையில் பங்கு சேர்ந்து, அதிகாரசபையின் அனுமதியோடு, மருந்துக்கேற்ற தரத்தில் ஒரு குளிர்க் களஞ்சியம் அமைப்பது எமது சக்திக்கு அப்பாற்பட்டதல்ல.

ஹலால் கேள்வியை எங்கே கேட்பது?

இரண்டாவது யோசனை ஹலால் சம்பந்தமானது. பக்டீரியாவை வளர்க்க அதற்குத் தீனி வேண்டும். அந்தத் தீனியில் பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோ எடுத்த பொருளும் இருக்கலாம், பன்றியிலிருந்து எடுத்த நொதியம் பட்ட பொருளும் இருக்கலாம். உலகிலேயே அதிகமான ஹாஜிகளை அனுப்பும் இந்தோனேசியாவின் உலமா சபை 2010இல் இதனை விரிவாக ஆராய்ந்தது. ஒரு கம்பனியின் மூளைக்காய்ச்சல் ஊசி ஆகாது என்றும், இத்தாலியிலும் சீனாவிலும் தயாரான இரண்டு ஊசிகள் ஹலால் என்றும் அறிவித்தது. மாற்று வழி இருக்கிறது என்பது அதனால் தெரிய வந்தது. தீனியை மாற்றலாம். கேட்பவர் இருந்தால் கம்பனிகள் மாற்றும்.

நாம் என்ன செய்கிறோம்? ஊசி வந்து, விலை கொடுத்து, பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சந்தேகம் கிளப்புகிறோம். சிலர் வதந்தியைப் பரப்பிப் பிள்ளைகளின் ஊசியையும் தடுத்துவிடுகிறார்கள். உயிரைப் பாதுகாப்பது ஷரீஆவின் உயர்ந்த நோக்கங்களில் ஒன்று என்பதை மறந்துவிடலாகாது. மாற்றில்லாத நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் தனிச் சட்டம் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டியவர்கள் உலமாக்கள். வியாபாரி செய்ய வேண்டியது அதற்கு முந்திய வேலை. ஓடர் கொடுக்கும்போதே, எந்தத் தீனியில் வளர்த்தது என்ற விபரத்தை எழுத்தில் கேட்க வேண்டும். இறக்குமதியாளர் கேட்கும் ஒரு கேள்விக்கு ஆயிரம் துண்டுப் பிரசுரத்தை விடப் பலம் அதிகம்.

பிள்ளைகளை அனுப்புவோம்

மூன்றாவது யோசனை ஆள் பற்றியது. கிருமி பற்றிய அறிவு ஆய்வுகூடத்துக்குள் மட்டும் நிற்பதல்ல என்பதை 2020இல் நாம் கண்ணீரோடு கற்றோம். கொவிட்டால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் பற்றிய ஆதாரமற்ற வாதத்தால் எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு வழி திறந்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அரசியல் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் விஞ்ஞானத்தின் பெயரால் பேசுகிறவர்களுக்கு விஞ்ஞானத்தாலேயே பதில் சொல்லும் பிள்ளைகள் எமக்குப் போதுமான அளவு வேண்டும்.

உயர்தரத்தில் உயிரியல் படித்து மருத்துவ பீடம் கிடைக்காத பிள்ளை, தோற்றுப் போனதாக வீட்டில் முடங்குகிறது. அல்லது கடையில் கல்லாப்பெட்டிக்கு முன் உட்காருகிறது. நுண்ணுயிரியல், மருந்தாக்கவியல், உயிர்த்தொழில்நுட்பம் என்ற கதவுகள் திறந்திருப்பதை அதற்கு யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு வர்த்தகர் சங்கமும் வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கு இந்தப் படிப்புக்கென்று புலமைப்பரிசில் கொடுத்தால், பத்து வருடத்தில் எமது களஞ்சியங்களிலும் இறக்குமதிக் கம்பனிகளிலும் பொருள் தெரிந்த இருபது பேர் இருப்பார்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன். கியூபாவின் ஊசிக் குழுவுக்குத் தலைமை தாங்கியது ஒரு பெண்.

நாளைக்கே ஒருகொடவத்தையில் தடுப்பூசித் தொழிற்சாலை கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும் முதலும் நீண்ட பரிசோதனையும் தேவைப்படும் தொழில் அது. 57 வீதத்தோடு நின்ற நோர்வேயின் முயற்சி இன்னொரு நாட்டின் பிள்ளைகளுக்கு உதவப் பல வருடங்கள் பிடித்தன. படியில் ஏற வேண்டும் என்றுதான் சொல்கிறேன். குளிர்க் களஞ்சியம் முதல் படி. பொருள் தெரிந்த இறக்குமதி அடுத்த படி. பொதி செய்தலும் தரப் பரிசோதனையும் அதற்கு மேற்பட்டவை. முதல் படியில் காலை வைக்காதவனுக்கு மேல் படி எப்போதும் மற்றவனுடையதுதான்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை எமது மிம்பர்களில் பல முறை கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே நனைந்திருந்தது. வெயிலில் கிடந்த தடுப்பூசிக் குப்பியும் அந்தக் குவியலும் ஒன்றுதான். தானியத்தின் ஈரம் விரலுக்குத் தெரிந்தது. குப்பிக்குள் நடந்ததை அறிய விரல் போதாது, படிப்பும் கருவியும் வேண்டும். அவற்றைத் தேடிக் கொள்வதும் எமது அமானிதத்தின் ஒரு பகுதியே. அடுத்த ஹஜ் காலத்தில் ஊசி போட வரிசையில் நிற்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அந்தக் குப்பி நல்ல கைகளைக் கடந்தே வந்தது என்ற நம்பிக்கையை எமது வர்த்தகர்கள் கொடுக்க வேண்டும். அதற்கு அல்லாஹ் அருள்புரிவானாக.